லக்கல பஸ்ஸிலிருந்து இறக்கிய பதினெட்டு யானைகள்

நடந்தது இவ்வளவுதான்.

1. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பதினெட்டுக் கடதாசி யானைகளைப் பெட்டியில் அடுக்கி லக்கல பஸ்ஸில் ஏற்றினோம்.
2. பதினெட்டும் என் பரிசோதனைப் பட்டியலில் தேறியவை.
3. பதினெட்டும் பிழையானவை.
4. இது எனக்குத் தெரியவந்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.
5. பஸ் புறப்படும் நேரம் ஒரு மணி.
6. முதலாளி ஜும்ஆத் தொழுகையில் இருந்தார்.
7. பெட்டியை நான் இறக்கினேன்.
8. யாருடைய அனுமதியையும் பெறவில்லை.

அடுத்த மாதம் முதல் நீங்கள் இருவரும் என் மேசையில் உட்காரப்போகிறீர்கள். எனக்கு ஓய்வுபெறும் வயதில்லை. தம்புள்ளையில் மட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் படவரைஞர் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன். பெட்டிகளுக்குக் காது கிடையாது என்பதும் ஒரு காரணம். அசையும் பொம்மைக்கு எந்த நூல், எந்த முடிச்சு, துளை எவ்வளவு என்பதெல்லாம் நீலக் கோப்பில் இருக்கின்றன. மழைக்காலத்தில் மட்டை ஊறி மூட்டு இறுகினால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்கிறது. அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை. இது கோப்பில் எந்தத் தலைப்பின் கீழும் சேராத விஷயம்.

உங்களுக்கு நம் கடையைத் தெரியும். ஆனால் அது எப்படி இப்படி ஆனது என்று தெரியாது. முன்பக்கம் எப்போதும் கலியாணக் கார்ட் அச்சகம்தான். மாத்தளையில் பாதிப் பேர் நம் முதலாளி நானாவின் கார்டில்தான் கலியாணம் முடித்திருக்கிறார்கள். கார்ட் வெட்டி மிஞ்சிய மட்டையில், காத்திருக்கும் குழந்தைகள் அழாமல் இருக்க, கைகால் ஆடும் ஒரு குரங்கை நான் செய்து மேசையில் வைத்தேன். ஒரு பாலர் பாடசாலை ஆசிரியை அதைக் கண்டு பத்துக் கேட்டார். அதன்பின் பின்னறை பொம்மை அறையானது. வரைவதும் வெட்டுவதும் நான். நூல் கோத்து முடிப்பது நஸீமா தாத்தா. நீங்கள் இருவரும் தேயிலைத் தோட்டப்பக்கத்துப் பிள்ளைகள் என்பதால் சொல்கிறேன்: இங்கே முஸ்லிம் வீடுகளில் சொல்வதைச் ‘செல்றது’ என்பார்கள், அண்ணனை நானா என்பார்கள், அக்காவைத் தாத்தா என்பார்கள். முதல் நாள் நான் ஒரு கிழவரை எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

யானை ஓடர் வேறு மாதிரியானது. லக்கலப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் யானைப் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு நிறுவனம் பொம்மை நாடகம் எழுதியிருந்தது. அங்கே பிள்ளைகள் நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். யானையும் அதே பாதையில்தான் நடக்கிறது. பதினெட்டுப் பள்ளிக்கூடங்கள், பள்ளிக்கூடத்துக்கு ஒரு யானை. திங்கட்கிழமை காலை ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடி, ஆளுக்கொன்று எடுத்துப்போவதாக ஏற்பாடு. கலியாணத்துக்கு வெளியே நானாவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. ஒரு வாரமாக அவர் வருகிறவர்களிடமெல்லாம், கார்டைக் காட்டுவதற்கு முன்னால் யானையைக் காட்டினார்.

நாடகத்தில் இரண்டு இடங்களில் ‘யானை கோபம் கொள்கிறது’ என்றும் இரண்டு இடங்களில் ‘யானை அமைதியாகிறது’ என்றும் இருந்தது. கோபம் எப்படி இருக்கவேண்டும் என்று அதில் எழுதவில்லை. அதை முடிவுசெய்தது நான்.

நான் இரத்தோட்டைக்கு மேலே பிறந்தவள். அங்கே அட்டைப்பூச்சி உண்டு, குளவி உண்டு, யானை கிடையாது. நான் பார்த்த யானைகள் தேர்த் திருவிழாவில் சங்கிலியோடு நடந்தவையும், பிஸ்கட் டின்னில் இருந்தவையும்தான். ஆகவே யோசித்து ஒரு விதி வகுத்தேன்: அசைந்தால் கோபம், அசையாவிட்டால் அமைதி. என் அம்மாவைப் பார்த்து வந்த முடிவாக இருக்கலாம்.

அந்த விதியை ஒரே நூலில் நிறைவேற்றினேன் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. நூலை இழுத்து இழுத்து விட்டால் இரண்டு காதும் படபடவென்று அடிக்கும், வாயின் ஓரம் கீழே இறங்கும். விட்டுவிட்டால் காது நிற்கும், வாய் தானாக மேலேறிச் சிரிக்கும். பின்பக்கத்தில், சிங்களத்திலும் தமிழிலும், ‘இழுத்தால் கோபம், விட்டால் அமைதி’ என்று லேபல். என் பரிசோதனைப் பட்டியலில் பதினான்கு விடயங்கள் இருந்தன. காது இருநூறு தடவை அடித்தும் கிழியாமல் இருக்கிறதா என்பது ஒன்பதாவது. யானையைக் கண்டவர் யாராவது இதைப் பார்த்தாரா என்பது பதினைந்தாவதாக இருந்திருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நானாவே பெட்டியைத் தூக்கிப்போய் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, அப்படியே பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். மாதிரி யானை ஒன்று மட்டும் முன்மேசையில் இருந்தது. பன்னிரண்டரை அளவில், மகளின் கலியாணக் கார்டின் அச்சுப்பிரதியைப் பார்க்க லக்கலவிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பேச்சு சிங்களத்தில் நடந்தது, தமிழில் எழுதுகிறேன்.

நஸீமா தாத்தா அவருக்கும் யானையைக் காட்டினார். “உங்க ஊருக்குத்தான் போவுது மாமா. பாருங்க, இழுத்தா கோவம். விட்டா சிரிக்கும்.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“அழகா இருக்கு. ஆனா மாறி இருக்கு.”

“என்ன மாறியிருக்கு?” என்றேன்.

“காது. காது ஆடிக்கிட்டிருந்தா அது பாட்டுக்கு மேயுது. ஆட்டம் நின்னா, நம்மள கண்டிருச்சு.” சொல்லிவிட்டு, கார்டைத் திருப்பி, “இந்தத் தங்க எழுத்து வேர்வைக் கையில ஒட்டுமா?” என்று கேட்டார்.

“ஒட்டாது. மாமா, நல்லாத் தெரியுமா?”

“ரெண்டு தடவ அதப் பாத்துத்தான் தப்பிச்சேன், மகள்.”

“மூணாவது தடவ?”

“மூணாவது தடவ பேசிக்கிட்டே வந்தேன். காதைப் பாக்கல்ல.” வலது காலைச் சற்றே தூக்கிக் காட்டினார், புதுச் செருப்பைக் காட்டுவதுபோல. அது நேராக இல்லை. “சரி, மாப்பிள்ளை பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சு, அதத் திருத்துங்க. எனக்கு பஸ் போயிரும்.”

அவர் போனபின் நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அணைத்து வைத்திருந்தார். ஜும்ஆ முடிய ஒன்றே கால் ஆகும்.

“ஒராள் சென்னதுக்கு என்ன?” என்றார் நஸீமா தாத்தா. “நானா வரட்டும். வந்தொடன கேட்போம்.”

என்முன் இருந்த வழிகள் மூன்று. நானாவுக்காகக் காத்திருக்கலாம், பஸ் போய்விடும். அங்கே பொறுப்பான ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொல்லலாம். மற்றப் பதினேழு பேருக்கும் அவர் எடுத்துச் சொல்வார் என்று வைத்துக்கொண்டாலும், கையிலிருக்கும் அச்சடித்த லேபலைத்தான் எல்லோரும் நம்புவார்கள். மூன்றாவது, பேசாமல் இருக்கலாம். இதையும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் அதை யோசித்தேன். எல்லோருக்கும் யானை பிடித்திருந்தது. ஓடர் கொடுத்த நிறுவனத்து மிஸ் அதன் சிரிப்பைப் படம் எடுத்துப்போயிருந்தார். பிழை என்று சொன்னவர் ஒருவர், அவரும் தங்க எழுத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார்.

அப்படி யோசித்தபடி கையிலிருந்த நூலை விட்டேன். யானை சிரித்தது. காடோரத்துப் பாதையில், காது நின்ற யானையைப் பார்த்து, சமாதானமாகிவிட்டது என்று கிட்டப் போகும் ஒரு பிள்ளையைக் கற்பனை செய்ய அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. மாதிரியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் உறுதிப்படுத்தவேண்டும். லக்கல ஆட்கள் மாத்தளையில் மொத்தமாகக் கிடைக்கும் இடம் லக்கல பஸ். முக்கால்வாசி நிறைந்திருந்தது. முன்படியால் ஏறி, யானையை உயர்த்திப் பிடித்துக் காதை அடித்துக் காட்டினேன்.

“மன்னிக்கணும். இந்த யானை கோபமா இருக்கா?”

பஸ் முழுவதும் ஆமென்று சொன்னது. பயங்கரக் கோபம் என்றார் ஒருவர். நல்லா செஞ்சிருக்கு, என்ன விலை என்று கேட்டார் இன்னொருவர்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அப்படியே இறங்கியிருந்தால், ஒரு பஸ் அளவு ஆதாரத்தோடு கடைக்குத் திரும்பியிருப்பேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு பொம்பளப் பிள்ளை தான் செய்த பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து கோபமா என்று கேட்டால், மரியாதை தெரிந்தவர்கள் ஆமென்றுதான் சொல்வார்கள். கேள்விக்குள்ளேயே நான் பதிலை வைத்துக் கொடுத்திருந்தேன்.

கார்டுக்கு வந்தவர் நான்காவது இருக்கையில் இருந்தார். அவர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அதனால்தான் மறுபடி கேட்டேன்.

“இது உங்க பாதையில நிக்குது. காது இப்படி அடிக்குது. என்ன செய்வீங்க?”

மடியில் மரக்கறிப் பையோடு இருந்த ஒரு பெண் சொன்னார்: “நிப்பேன். அது தின்னுது. தின்னு முடிச்சிட்டுப் போகட்டும்.”

“கிட்டப் போவீங்களா?”

“ஏன் போறேன்? எனக்கு அதுகிட்ட என்ன வேல?”

பஸ் சிரித்தது. சிரிக்கும்போதே நான் நூலை விட்டேன். காது நின்றது.

“இப்ப?”

“இப்ப போயிடணும்,” என்றார் அவர். “ஓடாம, பின்னாலேயே. கண்டிருச்சு நங்கி.” சிங்களத்தில் தங்கச்சியைக் கூப்பிடும் சொல் அது.

“வாலும் நிக்கும்,” என்றது பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல். “வால் எங்க? வாலே வைக்கல்லியே!”

“தனி யானைன்னா காதாவது வாலாவது, பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது.”

“அது ஏன் சிரிக்குது?” என்று ஒரு சிறுமி கேட்டாள்.

மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. கண்டக்டர் வந்தார்.

“நங்கி, டிக்கெட் எடுக்கிறதா, யானையோட இறங்கிறதா?”

“காலையில அச்சக நானா குடுத்த பெட்டிய எடுக்க வந்தேன். திருப்பித் தாங்க.”

“நானா குடுத்தத நானா வந்து கேக்கட்டும். இல்ல, துண்டு எழுதித் தரட்டும். நாளைக்கி அவர் வந்து என் சட்டையப் பிடிப்பார்.”

அவர் சொன்னது சரி. நானும் அவர் இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பேன். என்னிடம் துண்டு இல்லை, முதலாளி இல்லை, எட்டு நிமிடம் இருந்தது. எனக்கு அந்தப் பெட்டியின்மேல் எந்த உரிமையும் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

“பெட்டியில இருக்கிறது எல்லாம் இதே யானைதான்,” என்றேன். “நான் செஞ்சது. பிழையா செஞ்சிட்டேன். இப்பத்தான் எல்லாரும் பாத்தாங்க.”

கண்டக்டர் பயணிகளைப் பார்த்தார். நான்காவது இருக்கையிலிருந்து அந்த மனிதர், “குடுத்துவிடு தம்பி,” என்றார். “இது நம்ம பிள்ளைகளுக்குப் போகுதாம்.” மரக்கறிப் பைக்காரப் பெண் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: “ஒன் மகனுந்தான் அங்க படிக்கிறான்.”

கண்டக்டர் ஒரு டிக்கெட்டைக் கிழித்து அதன் பின்பக்கத்தை நீட்டினார். ‘பதினெட்டு யானைகள் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “எங்க பஸ்ஸில யானை ஏறினது இதான் முதல் தடவ. இறங்கினதும் இதான் முதல்.”

நானா ஒன்று இருபதுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றுவதற்கு முன் பெட்டியைக் கண்டார்.

“இது ஏன் இங்க ஈக்குது?”

“நான் இறக்கிட்டேன் நானா.”

“யார்ட்ட கேட்டு?”

“உங்களுக்கு ஃபோன் அடிச்சேன். ஓஃப்ல இருந்துச்சு.”

“ஜும்ஆவுக்குள்ள ஃபோன ஓன்ல வெச்சிக்கொண்டா தொழுவாங்க?” அவர் உட்காரவில்லை. “திங்கக்கிழம பதினெட்டு டீச்சர்மார் வருவாங்க. அந்த மிஸ் வருவாங்க. யானை எங்க எண்டு கேட்டா, கலா புள்ள இறக்கிட்டா எண்டு செல்றதா? ஒராள் வந்து என்னமோ சென்னானாம், இவ பஸ்ஸ நிப்பாட்டினாளாம்.”

“பஸ்ஸ நிப்பாட்டல்ல நானா. அது நேரத்துக்குப் போயிடுச்சு.”

அது உதவவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

“நானா, எங்க தோட்டத்தில குளவி கலைஞ்சா நாங்க என்ன செய்வோம்? சாக்கையோ சீலையையோ போத்திக்கிட்டு அப்படியே குப்புறப் படுப்போம். கை வீசினா முடிஞ்சிச்சு. எங்கேயோ இருந்து ஒருத்தர் அழகா ஒரு குளவி பொம்மை செஞ்சு, ‘குளவி வந்தா கை வீசி வெரட்டுங்க’ன்னு எழுதி எங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா எப்படி இருக்கும்? நான் அதத்தான் செஞ்சிருக்கேன். பதினெட்டுப் பள்ளிக்கூடத்துக்கு.”

நானா அப்போதுதான் உட்கார்ந்தார். மாதிரியை எடுத்து இரண்டு தடவை இழுத்தார், விட்டார்.

“நான் ஃபோன எடுத்திருந்தா என்ன சென்னிப்பன் தெரியுமா? பஸ் போகட்டும், பொறகு பாப்போம் எண்டிருப்பன்.”

“தெரியும் நானா.”

“நீயும் உட்டிருப்பாய்.”

“ஆமா.”

இதுதான் உங்களுக்குச் சொல்ல வந்தது. துணிந்து முடிவெடுங்கள் என்று நான் எழுதினால் அது பொய். அன்று அவர் தொலைபேசியை எடுத்திருந்தால், பெட்டி போயிருக்கும். என் மனச்சாட்சியும் சுத்தமாக இருந்திருக்கும், ஏனென்றால் நான் கேட்டுவிட்டேன் அல்லவா. மேலிடத்தைக் கேட்பது பல நேரம் சரியான பதிலுக்காக அல்ல, பிழை நம் கையில் இருக்கக்கூடாது என்பதற்காக. இதை உணர எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை தேவைப்பட்டது. மற்ற நாட்களில் நானா உடனே எடுத்துவிடுவார்.

அவர் மிஸ்ஸுக்கு என் முன்னாலேயே தொலைபேசி எடுத்தார். யார் சொன்னது என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கும் கேட்டது. “ஒரு பஸ்ஸே செல்லுது மிஸ்,” என்றார் நானா. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு யானைகள் அங்கே இருக்கவேண்டும், நாடகத்தைத் தான் திருத்துவதாக மிஸ் சொன்னார். ஞாயிறு பின்னேரம் ஒரு பஸ் இருந்தது.

பிழையைச் செய்ய எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. திருத்துவதற்கு இரண்டு வேலைகள்தான். லேபலை மாற்றுவது: ‘இழுத்தால் மேய்கிறது, விட்டால் நம்மைக் கண்டுவிட்டது. ஓடாமல் பின்வாங்குவோம்.’ அடுத்தது, சிரிப்பை எடுப்பது. வாய்க்குப் போகும் நூலை வெட்டி, வாயை நேர்கோட்டில் ஒட்டவேண்டும். அந்த நூல்தான் இந்தக் கடையில் நான் செய்த ஆகச் சிறந்த வேலை. ஒரே இழுப்பில் இரண்டு அசைவு, அதுவும் எதிரெதிராக.

நஸீமா தாத்தா கத்தரியை எடுத்துக்கொண்டார். “நீ வெட்ட வாணாம். நான் வெட்டுறன். ஒனக்குக் கை நடுங்கும்.”

“நடுங்காது.”

“அப்ப எனக்குப் பாக்க ஏலாது. போய் லேபல அடி.”

நான் லேபல் அடித்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பதினொன்றாவதில் தேநீர் போட எழுந்துபோனேன். திரும்பி வந்தபோது எல்லா யானைகளும் ஒன்றும் நினைக்காத முகத்தோடு வரிசையாகக் கிடந்தன. வால் வைக்க நேரம் இருக்கவில்லை. அதைப் பின்னிருக்கைக்காரரிடம் இந்த எழுத்தின் மூலம் ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நானாவும் நானும் சேர்ந்து பெட்டியை ஏற்றினோம். அதே கண்டக்டர்தான். இந்த முறை நானா துண்டு எழுதிக் கொடுத்தார்: ‘இப்பெட்டியைக் கலாவும் இறக்கலாம்.’

திங்கட்கிழமை ஆசிரியர்கள் கூடிய இடத்தில் நாடகம் நடந்தது. நான் போகவில்லை. நூல் நின்றதும் எல்லோரும் சத்தமில்லாமல் பின்னால் நடக்கவேண்டும், ஓடுகிறவர் ஆட்டத்திலிருந்து விலகவேண்டும் என்று ஆசிரியர்கள் அதை விளையாட்டாகவே ஆக்கிவிட்டதாக மிஸ் சொன்னார். அப்படி ஒரு விளையாட்டு என் வரைபடத்தில் இருக்கவில்லை.

இரண்டு வாரத்தின் பின் ஒரு ஆசிரியையிடமிருந்து முறைப்பாடு வந்தது. அவர் யானையை முதலாம் வகுப்பின் முன்வாசலுக்குப் பக்கத்தில், சுவரில் மாட்டியிருக்கிறார். மறுநாள் முதல் பிள்ளைகள் அந்த வாசலுக்கு வந்து, நின்று, பின்னாலேயே நடந்து, கட்டடத்தைச் சுற்றிப் பின்வாசலால் உள்ளே போனார்களாம். சுவரில் தொங்கும் கடதாசி யானைக்குக் காது ஆடாது. இதையும் நான் யோசித்திருக்கவில்லை. பிள்ளைகள் செய்தது சரி என்று அவருக்குப் பதில் எழுதினேன். ‘பாவிக்காத வேளையில் அலமாரியில் வைக்கவும்’ என்று நானா பதினெட்டுத் துண்டு அச்சடித்து எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பினார்.

இன்றைய நிலை இது. என் பரிசோதனைப் பட்டியலில் பதினைந்து விடயங்கள் இருக்கின்றன. குளக்கரைப் பள்ளிக்கூடங்களுக்கு முதலை கேட்டு ஒரு ஓடர் வந்திருக்கிறது. முதலையை நேரில் கண்ட எவரிடமும் இன்னும் பேசாததால் மட்டை வெட்டப்படவில்லை. யானைகளில் இரண்டின் தும்பிக்கை கிழிந்து, வேறு அனுப்பியிருக்கிறோம். பதினெட்டும் அலமாரிகளுக்குள் இருக்கின்றன. முதலாம் வகுப்புப் பிள்ளைகள் முன்வாசலால் போகிறார்கள்.